கையில் ரொட்டியோடு பார்த்த டெஸ்ட் மேட்ச்

டர்பன் விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை, ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வேனுக்குக் கை காட்டியது. வா, வா, இன்னும் கொஞ்சம், நில்லு. ஓட்டியவர் பெரிய மீசை வைத்த வெள்ளைக்காரர். நான் காட்டிய இடத்தில் கச்சிதமாக நிறுத்திவிட்டு, இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். புது நாட்டில் கால் வைத்ததுமே இப்படி ஒரு மரியாதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே கை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

என் கை சும்மா இருக்காது. தொழில் அப்படி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் நான் கிரேன் சிக்னல்மேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேனை, கேபினில் உட்கார்ந்து தாஸ் ஓட்டுவான். கீழே நின்று நான் கை காட்டுவேன். ஆலைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே காதில் விழாது, அவ்வளவு உயரத்தில் இருப்பவனுக்கு எங்கே விழும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. ஒரு கைக்கு மேல் இன்னொரு கையை வைத்துக் காட்டினால் மெதுவாக. சரக்கு தரையில் உட்கார்ந்து, சங்கிலியும் கழன்று, இனி பயமில்லை என்றால் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு நிற்பேன். அதைப் பார்த்த பிறகுதான் தாஸ் டீ குடிக்க இறங்குவான்.

இந்தப் பாஷை எங்கள் வீட்டில் இன்னொரு ஆளுக்கும் தெரியும். என் தங்கை பவானி. ஆலை மதில் சுவரை ஒட்டிய காலி மனையில்தான் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உருளும் சத்தம், இந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி. வாயால் சொல்லி என்ன பிரயோஜனம். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் நின்று அவளுக்குக் கையால் சொல்வேன். மெதுவாகப் போடு. உயரத் தூக்கிப் போடு. என் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் இடக்கை சுழற்பந்து வீச்சாளர் ஆனாள் என்று பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தப் பவானி இப்போது இந்தியப் பெண்கள் அணியோடு தென்னாப்பிரிக்கா வந்திருக்கிறாள். மூன்று டி20, மூன்று ஒருநாள் ஆட்டம், கடைசியில் ஒரு டெஸ்ட். புதுப் பெண் என்பதால் ஆடும் பதினொருவரில் இடம் நிச்சயமில்லை. அவளுக்கோ டி20 மேல் பெரிய ஆசையில்லை. வெள்ளைச் சட்டை போட்டு டெஸ்ட் ஆட வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கு டெஸ்ட் என்பது அத்தி பூத்த மாதிரிதான். இந்த ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

கூட வர வேண்டியது அம்மா. "அந்த இரும்புப் பறவைல நா ஏற மாட்டேன் நைனா, நீ போ" என்று கையைக் கழுவிவிட்டார். பெரியபாளையத்து பவானியம்மனுக்கு வேண்டிக்கொண்டுதான் தங்கைக்கு பவானி என்றே பெயர் வைத்தார்கள். இப்போது அவள் டெஸ்ட் ஆடினால் அங்கே வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதாக அம்மாவின் புது வேண்டுதல். ஆலையில் என் ஷிப்டுகளைக் கூட்டாளிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். விசா வாங்கிய கதையைச் சொன்னால் அது தனிப் புத்தகம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியெல்லாம் கரும்பு. திருவாலங்காட்டுப் பக்கம் போய்விட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. நான் தங்கிய வீடு சாட்ஸ்வொர்த் என்ற மேட்டுப் பகுதியில். தெருவெல்லாம் ஏற்ற இறக்கம். திரும்பும் மூலையில் கோயில் கோபுரம். கடைப் பலகையில் கோவெண்டர், நாயுடூ, பிள்ளே என்று பெயர்கள். முகத்தைப் பார்த்தால் நம் கவரைப்பேட்டை ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி. வாயைத் திறந்தால் ஆங்கிலம், அதுவும் ராகம் போட்டு.

வீட்டுக்காரம்மா பெயர் சரஸ். எல்லாரும் ஆன்ட்டி சரஸ் என்றார்கள், நானும் அப்படியே. ஓய்வு பெற்ற நர்ஸ். கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பாட்டும், குழம்பு, ரசம், அப்பளமும்தான். மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் பேசியது ஆலை ஆங்கிலம். எப்படியோ வண்டி ஓடியது. அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் நாஷ்டாவுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும். காரம் மண்டையில் ஏறியது. கும்மிடிப்பூண்டியில் ஆந்திரா ஊறுகாயை நக்கி வளர்ந்த எனக்கே கண்ணில் தண்ணீர். சமையலறை ஜன்னலில் ஒரு குரங்கு உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி "நில்லு" சைகை காட்டினேன். அது அசையாமல் நின்றது. "உன் பேச்சை இந்த வீட்டில் கேட்கிற ஒரே ஆள் அதுதான்" என்றார் ஆன்ட்டி.

ஆடி மாதம் அங்கேயும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம். கஞ்சி பூஜை என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு பெயர். "புளிக்க வைக்காமல் ஊற்றினால் அம்மன் கோபித்துக்கொள்வாள்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் தெருவில் போன ஆடியில் இதே விஷயத்துக்குத்தான் பெரிய சண்டை நடந்தது.

மறுநாள் பயிற்சி பார்க்க மைதானத்துக்குக் கிளம்பினேன். ஆன்ட்டி பஸ் நிறுத்தம்வரை வழி சொல்லி அனுப்பினார். எதிரே ஒரு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பெரிய கிரேன். விட முடியுமா. தாஸுக்கு வீடியோ கால் போட்டேன்.

"இன்னா மச்சான், அங்க எப்டி கை காட்றானுங்கோ" என்றான் தாஸ்.

"நம்மள மாதிரியேதான்டா. பாரு" என்று விரலை மேலே தூக்கிக் காட்டினேன்.

சர்ரென்று ஒரு வெள்ளை மினிவேன் வந்து என் முன்னால் நின்றது. கதவு திறந்தது. உள்ளே இருந்து ஒரு கை என்னை இழுத்து உட்கார வைத்தது. வண்டி பறந்தது. உள்ளே அலறிய பாட்டின் முன்னால் நம் ஊர் ஷேர் ஆட்டோவில் போடுகிற பாட்டு தாலாட்டு. முதுகெலும்பே அதிர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் கொடுத்த சில்லறை தோள் தோளாக முன்னால் போனது, நம் பஸ்ஸில் போவது போலவே.

"நான் இதில் ஏறவே இல்லை" என்று பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் சொன்னேன். தலையில் துணி கட்டி, மடியில் முட்டைக்கோஸ் மூட்டையோடு இருந்தார்.

"ஒற்றை விரலை மேலே தூக்கினாயே, அப்படியென்றால் டவுனுக்கு. கீழே காட்டினால் பக்கத்திலேயே. நீ எங்கே போகவேண்டும் என்று உன் கை சொன்னது, ஏற்றிக்கொண்டோம்" என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஒரு ஊரே சிக்னல் பாஷை பேசுகிறது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பயிற்சியைப் பார்க்க முடியவில்லை. டவுன் சந்தையில் மசாலா தடவிய அன்னாசிப்பழம் தின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

முதல் இரண்டு டி20-யிலும் பவானி தண்ணீர் பாட்டில்தான் சுமந்தாள். மூன்றாவது ஆட்டத்தில் அவள் பெயர் வந்தது. பெரிய திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போன் போட்டேன். "தெர்து நைனா, தெர்து, மூக்குத்தியக் கழட்டிட்டாளா" என்றார் அம்மா. பின்னால் தெருவே கத்திக்கொண்டிருந்தது.

அந்த மைதானத்தில் ஒரு பக்கம் நாற்காலி கிடையாது, புல்மேடு. ஜனங்கள் பாய் விரித்து, அடுப்பு மூட்டி, குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டியும் நானும் கயிற்றுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தோம். பவானி போட்ட முதல் பந்து நான்கு. அடுத்தது ஆறு. மட்டைக்காரி ஆள் வாட்டசாட்டம், ஒவ்வொரு பந்துக்கும் இறங்கி வந்தாள். பவானி பதற்றத்தில் வேகமாகப் போடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. ஒரு கைக்கு மேல் இன்னொரு கை. மெதுவா. மெதுவா.

அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது.

நான் குதித்த குதியில் பக்கத்துப் பாயில் இருந்த கோழிக்கறி கவிழ்ந்தது. என் தங்கை கடல் கடந்து வந்தும் அண்ணன் கையைப் பார்க்கிறாள். இதைவிட என்ன வேண்டும். அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. நீலக் கோட்டு போட்ட நெட்டையான மனிதர், கழுத்தில் அட்டை. முன்னாள் போலீஸ் என்று நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

"ஐயா, யாருக்குக் கை காட்டினீர்கள்?"

"என் தங்கச்சிக்கு" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அலுவலக அறையில் நாற்காலி கொடுத்து, காபியும் கொடுத்தார். என்னென்ன சைகை இருக்கிறது என்று கேட்டார். நானும் முட்டாள், ஒன்று விடாமல் காட்டினேன். தூக்கு, இறக்கு, மெதுவா, நிறுத்து, இடம், வலம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, தான் சூதாட்டத் தடுப்பு அதிகாரி என்றார். ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து ஆட்டக்காரருக்கு யாரும் சைகை கொடுக்கக் கூடாது. சூதாடிகள் செய்வது அதைத்தான். விசாரணை முடியும்வரை உங்கள் தங்கை ஆட முடியுமா என்பதை அணி முடிவு செய்யும்.

"சார், அது கிரேன் சிக்னல் சார்" என்றேன். அதைத்தான் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒருநாள் ஆட்டங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். மலை, செங்கல் கட்டடங்கள், ஊர் முழுக்கப் பூ. வேறு சமயமாக இருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஆட்டக்காரர் பட்டியலில் பவானி இல்லை. தண்ணீர் எடுத்துவருகிறவர்களிலும் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. காரணத்தை யாரும் வெளியே சொல்லவில்லை. அம்மா வேறு. "இன்னா நைனா, புள்ள டிவில காணமே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" "ரெஸ்ட்டு குடுத்துக்கீறாங்கம்மா" என்றேன். எனக்கு ரெஸ்டே இல்லை. இந்தக் கையால் அவளுடைய டெஸ்டைப் பிடுங்கிவிட்டேன் என்றால் ஊருக்கு எந்த முகத்தோடு போவேன்.

டர்பன் வீட்டுக்குத் திரும்பியதும் ஆன்ட்டி பீன்ஸ் விதைக் கறி செய்து வைத்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன்" என்றார். "நோயாளிக்கு ஊசி போடும்போது பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரன்தான் மயக்கம் போட்டு விழுவான். அவனைத் தூக்குவதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. நீ அந்த ஆள்."

அணி டர்பனுக்குத் திரும்பிய மறுநாள் ஓட்டலுக்கு வரச் சொன்னார்கள். நீலக் கோட்டுக்காரர், அணியின் மேலாளர் மேடம், பவானி. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டிவியில் அந்த ஓவரை ஓட்டினார்கள். ஒரு கேமராவில் நான். பெரிய பெரிய கண்ணோடு, கை மேல் கை வைத்து. இன்னொன்றில் பவானி.

"இந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னீர்கள்?" என்றார் அதிகாரி.

"மெதுவா."

"அவர் அடுத்துப் போட்ட பந்தின் வேகத்தைப் பாருங்கள்."

பார்த்தேன். அந்த ஓவரிலேயே வேகமான பந்து அதுதான். மட்டைக்காரி இறங்கி வருவதற்குள் ஸ்டம்பைத் தாக்கிவிட்டது.

அதிகாரி பவானியைப் பார்த்தார். "நீ அவர் கையைப் பார்த்தாயா?"

"இல்ல சார்" என்றாள். "அவரு கையை நா பாக்குறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு. மாவட்ட டீம்ல ஆடும்போதே நிறுத்திட்டேன். அவருக்குத் தெரியாது. சொன்னா கஷ்டப்படுவாருனு சொல்லல."

மேலாளர் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது, சிரிப்புதான். தங்கை தப்பித்தாள் என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அவள் தப்பித்த காரணத்தை நினைத்தும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"டெஸ்டைப் பார்க்க வரலாம்" என்றார் அதிகாரி. "புல்மேட்டில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கை அசையக் கூடாது. அசைந்தால் நீங்கள் வெளியே. உங்கள் தங்கை விஷயத்தையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்."

நடைவழியில் பவானி என்னை நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது.

"ண்ணா, பதினொண்ணுல என் பேரு இருக்குதுன்னு மேடம் இப்பதான் சொன்னாங்கோ. வெள்ளை டிரஸ் குடுத்துட்டாங்கோ. நீ ஒத்த வெரலத் தூக்குன, அப்புறம் நா ஊட்டுக்கே வர மாட்டேன். அம்மாவாண்ட நீயே சொல்லிக்கோ."

"தூக்க மாட்டேன்."

"உன்னால முடியாது. எனக்குத் தெரியும்."

"சத்தியமா தூக்க மாட்டேன் பவானி."

"நீ சாப்ட்டியா?" என்றாள் கடைசியில். இல்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

டெஸ்ட் முதல் நாள். வெள்ளை உடையில் அவள் இறங்கி வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு அழகு. நம் ஆட்கள் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடியபோது நானும் கூடவே பாடினேன். அதன் பிறகு தொடங்கியது என் பேஜாரு. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். அரை மணியில் விரல் மரத்துப்போனது. கையைக் கட்டிக்கொண்டேன், ஒவ்வொரு பந்துக்கும் தானாக அவிழ்ந்தது. பீல்டர் ஒருத்தி தள்ளி நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்து என் சுட்டுவிரல் துடித்தது. நாற்காலியில் நீலக் கோட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"இது ஆகாது" என்றார் ஆன்ட்டி. கூடையைத் திறந்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். அரை ரொட்டி, நம் ஊர் பிரெட்டை வெட்டாமல் முழுசாக வைத்த மாதிரி. நடுவில் குடைந்து, கிணறு மாதிரி ஆழத்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றியிருந்தது. பன்னி சௌ என்று பெயர். ராத்திரி பேரைச் சொன்னதும் அம்மா போனில் பதறிப்போனார், பிறகு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. "இரண்டு கையாலும் பிடி. விட்டால் சாய்ந்து குழம்பு எல்லாம் புல்லுக்குத்தான். மெதுவாகத் தின்னு, சாயந்திரம்வரை வரணும்."

எனக்குக் கை விலங்கு மாட்டிய மாதிரி ஆயிற்று, ஆனால் ருசியான விலங்கு. குடைந்தெடுத்த ரொட்டித் துண்டால் குழம்பைத் தொட்டுத் தொட்டுத் தின்றேன். ஆட்டத்தில் பதற்றம் ஏறினால் ரொட்டியை இறுக்கிப் பிடித்தேன். அடுத்த நாள் கோழி, அதற்கடுத்த நாள் பீன்ஸ். புல்மேட்டு ஜனங்களுக்கு என் கதை பரவிவிட்டது. "கை எப்படி இருக்கிறது?" என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

ஆன்ட்டி அதிகாரிக்கும் ஒரு சமோசா நீட்டினார்.

"மன்னிக்க வேண்டும் மேடம், நாங்கள் பரிசு எதுவும் வாங்கக் கூடாது."

"சமோசா பரிசா?"

"விதியில் எது பரிசு இல்லை என்று எழுதவில்லை."

ஆன்ட்டி அதை அவர் கண்ணெதிரிலேயே தின்றார். அந்த மனிதர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

பெண்கள் டெஸ்டுக்கு நான்கு நாள்தான். நான்காம் நாள் மாலை, நாம் ஜெயிக்க இன்னும் ஒரே விக்கெட். கடைசி ஜோடி அசையவில்லை. தடுக்கிறார்கள், தடுக்கிறார்கள், தடுக்கிறார்கள். கடலிலிருந்து மேகம் ஏறி வந்தது. நடுவர்கள் இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்பதும் கூடிப் பேசுவதுமாக இருந்தார்கள். வெளிச்சம் போனால் டிரா. பந்து பவானி கையில். முதல் இன்னிங்சிலேயே இரண்டு விக்கெட் எடுத்திருந்தாள், ஆனால் இப்போது ஒன்றும் நடக்கவில்லை. ஓவரைச் சீக்கிரம் முடித்து இன்னொன்று போட வேண்டும் என்ற அவசரத்தில் வேகம் வேகமாகப் போட்டாள். எல்லாம் மட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

மெதுவா, பவானி. மெதுவா. மனசுக்குள் கத்தினேன். என் கையில் அன்றைய ரொட்டி, மறுபடியும் ஆட்டுக்கறி. நான் அழுத்தின அழுத்தில் ஒரு பக்கம் உடைந்து, குழம்பு முழங்கைவரை ஓடியது. சட்டை போயிற்று. கையை விடவில்லை. ஆன்ட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீலக் கோட்டுக்காரர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவானி ஓடிவரத் தொடங்குமிடத்துக்குப் போனாள். உடனே திரும்பவில்லை. பந்தைப் பேண்டில் தேய்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள், இங்கேயிருந்தே தெரிந்தது. பிறகு வந்து போட்டாள் பாருங்கள், அப்படி ஒரு மெதுவான பந்தை நான் வாழ்நாளில் கண்டதில்லை. மேலே ஏறி, அங்கேயே யோசித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. அவ்வளவு நேரம் தடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஆசை வந்துவிட்டது. இறங்கி வந்தாள். பந்து அவளுக்கு முன்னால் விழுந்து, திரும்பி, மட்டையைத் தாண்டிப் போனது. விக்கெட் கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டாள்.

புல்மேடு முழுக்க எழுந்து நின்றது. தோற்றது அவர்கள் நாடு, ஆனாலும் கைதட்டினார்கள். ஆன்ட்டி அழுதார், எந்த நாட்டுக்காக என்று கேட்கவில்லை. மைதானத்தில் பவானி மேல் ஏழெட்டுப் பேர் ஏறிக் கிடந்தார்கள். நான் மட்டும் எழுந்து, உடைந்த ரொட்டியைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தேன். என் கை இல்லாமலே அவள் போட்டாள். நான் காட்டியிருக்கக்கூடியதையே போட்டாள். வயிறு எரியும் என்று நினைத்தேன். எரியவில்லை, நிறைந்துபோயிருந்தது.

கூட்டம் கலைந்து கைகுலுக்கல் எல்லாம் முடிந்தபின், பவானி தனியாகக் கயிற்றை நோக்கி நடந்து வந்தாள். முழங்கால், மார்பு எல்லாம் புல் கறை. கொஞ்சம் தூரத்திலேயே நின்றாள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தபடியே இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ன சைகை?" என்றார் நீலக் கோட்டுக்காரர். "நீங்கள் எனக்குச் சொன்ன பட்டியலில் அது இல்லையே."

அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு அந்த அறையில் அதை மட்டும் காட்டவில்லை.

"சரக்கு பத்திரமா இறங்கிடுச்சுன்னு அர்த்தம் சார். இனிமே பயம் இல்ல, நீ டீ குடிக்கப் போலாம்னு."

அவர் பவானியைப் பார்த்தார். பிறகு குழம்பு வழியும் என் கையைப் பார்த்தார்.

"ஆட்டம் முடிந்துவிட்டது" என்றார். எழுந்து, கோட்டுக் கையை மேலே சுருட்டிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார். "இப்படிக் கொடுங்கள். பரிசாக இல்லை, பிடித்துக்கொள்கிறேன்."

ரொட்டியை அவர் கையில் வைத்தேன். நான்கு நாளுக்குப் பிறகு என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு, வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்த பிறகுதான் பவானி திரும்பி உள்ளே நடந்தாள்.